வீட்டு மாடில 2 கிலோவாட் சோலார்: ஆறு ஈபி பில் பாத்தாச்சு, இப்ப எழுதுறேன்

சோலார் போட்ட மறுநாளே ரிவ்யூ போடுறவங்க நெறைய பேர் இருக்காங்க, நான் வேணும்னேதான் ஒரு வருஷம் பொறுத்தேன், ஏன்னா நம்மூர்ல ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, கோடையும் மழையும் ரெண்டையும் பாக்காம சோலார் நல்லாருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது. எங்க வீடு மதுரை திருப்பாலை பக்கம், நாங்க மாடில இருக்கோம், கீழ ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்காங்க (அவங்களுக்கு தனி மீட்டர்), எங்க வீட்ல அம்மா, நான், வீட்டுக்காரி, பசங்க ரெண்டு பேர். ஒரே ஒரு ஏசி, அதுவும் கோடைல மட்டும்.

பில்லுல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எல்லாத்துக்கும் காரணம். 2024 ஜூன்ல எங்களுக்கு 780 யூனிட் ஓடி 4,370 ரூபா வந்துச்சு. இதே 780 யூனிட்டுக்கு 2022 செப்டம்பர்ல ரேட்டு ஏத்துறதுக்கு முன்னாடி 3,628 ரூபாதான். அந்த ஜூன் பில்ல கட்டிட்டு நிமிரல, அடுத்த மாசமே ஜூலைல இருந்து இன்னொரு 4.83 சதவீதம் ஏறிருச்சு, அதாவது அதே 780 யூனிட்டுக்கு 4,581. வீட்ல ஒரு லைட்டு கூட புதுசா மாட்டல, ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட ஆயிரம் ரூபா கூட. 2025 ஜூலைல மறுபடி 3.16 சதவீதம் ஏத்துனாங்க, ஆனா அத வீடுங்களுக்கு போடாம அரசாங்கமே ஏத்துக்கிச்சு, அதனால கீழ நான் போட்டிருக்க கணக்கெல்லாம் 2024 ஜூலை ரேட்டு தான்.

இந்த ரேட்ட கொஞ்சம் பொறுமையா பாருங்க, இது புரியாம சோலார் போட்டா காசு வீணாப் போகும். நம்மூர்ல மொத 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ, 2016 மே மாசத்துல இருந்து. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள ஓட்டுனா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 35 பைசா, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500ஐ தாண்டிட்டா அந்த 2.35 ரேட்டே கெடயாது, 101ல இருந்து 400 வரைக்கும் 4.70 போட்டுருவாங்க, 500 வரைக்கும் அதே 6.30, அப்புறம் 501க்கு மேல 8.40, 601க்கு மேல 9.45, 801க்கு மேல 10.50, ஆயிரத்துக்கு மேல 11.55. அதாவது 500 யூனிட் ஓட்டுன வீட்டுக்கு 1,805 ரூபா, 501 ஓட்டுன வீட்டுக்கு 2,048 ரூபா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா! இது தெரியாம எத்தன வீட்ல 505, 510னு ஓட்டி கட்டிட்டு இருக்காங்கன்னு நெனச்சா எனக்கு மனசு கேக்கல, அதான் இவ்ளோ விலாவாரியா எழுதுறேன்.

சரி திட்டத்துக்கு வர்றேன். பிஎம் சூர்ய கர்னு மத்திய அரசோட திட்டம், 2024 பிப்ரவரில அறிவிச்சாங்க, நாடு முழுக்க ஒரு கோடி வீட்டு மாடில சோலார் போடுறது டார்கெட். மானியம் மொத ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் அதிகபட்சம் 78,000, அதுக்கு மேல எத்தன கிலோவாட் போட்டாலும் அதே 78,000 தான். பணம் நேரா நம்ம பேங்க் அக்கவுண்டுக்கு வரும். மொதல்ல நாம மொத்தப் பணத்தையும் வெண்டர்ட்ட (சோலார் மாட்டித் தர்ற கம்பெனி) குடுத்துரணும், மானியம் பின்னாடி வரும், இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா சில பேரு கொட்டேஷன்ல "மானியம் போக இவ்வளவு"ன்னு சின்ன நம்பர பெருசா போட்டுக் காட்டுவாய்ங்க, பாக்க விலை கம்மி மாதிரி இருக்கும்.

அப்ளை பண்ண ஒக்காந்தப்பதான் எங்களுக்கு மொத முட்டுக்கட்ட. ஈபி கனெக்‌ஷன் எங்க அப்பா பேர்ல. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, பில்லுல அவர் பேரு வந்துகிட்டே இருந்துச்சு, நாங்களும் கட்டிகிட்டே இருந்தோம், யாருக்கும் மாத்தணும்னு தோணல. அம்மாவுக்கு அந்தப் பேர எடுக்க மனசும் இல்ல. ஆனா ஈபி கனெக்‌ஷன் பேரும் மானியம் வர்ற பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா கடைசில மானியத்துல வந்து நிக்கும். அதனால வாரிசு சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் வச்சு மொதல்ல அம்மா பேருக்கு மாத்துனோம், அம்மா பேங்க் பாஸ்புக்குல இருக்க மாதிரியே இனிஷியல் மொதக்கொண்டு பாத்து குடுத்தோம். உங்க வீட்லயும் கனெக்‌ஷன் தாத்தா பேர்லயோ பழைய ஓனர் பேர்லயோ இருந்தா சோலார் போடுறீங்களோ இல்லையோ இந்த வேலைய மொதல்ல முடிச்சு வைங்க. அப்டியே உங்க கனெக்‌ஷனோட லோடு எத்தன கிலோவாட்டுன்னும் பில்லுல பாத்துக்கோங்க.

அப்புறம் வெண்டர். இந்தத் திட்டத்தோட வெப்சைட்டு, அதான் போர்ட்டல், அதுல பதிவு பண்ண வெண்டர் லிஸ்ட்டு இருக்கு, அதுல இருக்கவங்கட்ட போட்டாதான் மானியம். நான் மூணு பேர கூப்ட்டு கேட்டேன். எந்தக் கம்பெனி பேரும் இங்க போடல, ஒரே கம்பெனிலயே ஊருக்கு ஊரு வேலை பாக்குற ஆளு வேற வேற.

மொத ஆளு வந்து பில்ல வாங்கி பாத்தாரு, 780 யூனிட்டுன்ன ஒடனே "சார் கண்ண மூடிட்டு 3 கிலோவாட் போடுங்க, 78,000 மானியத்த ஏன் விடுறீங்க"ன்னாரு. 3 கிலோவாட்டுக்கு 1,93,000, 2 கிலோவாட்டுக்கு 1,48,000. ரெண்டாவது வந்தவரு எல்லாத்தையும் விட விலை கம்மியா சொன்னாரு, என்ன பேனல்னு தோண்டிக் கேட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சது அது இங்க செஞ்ச செல் வச்ச பேனல் இல்லன்னு. இந்த மானியத்துக்கு டிசிஆர் பேனல், அதாவது செல்லும் பேனலும் ரெண்டுமே இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், அது கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். டிசிஆர் இல்லாத பேனல விலை கம்மின்னு மாட்டிட்டு மானியம் வரலன்னு அலையுறதுல அர்த்தம் இல்ல. மூணாவது ஆளு கொட்டேஷன்லயே டிசிஆர், இன்வெர்ட்டர் (பேனல்ல வர்ற கரண்ட்ட வீட்டுக் கரண்ட்டா மாத்துற பெட்டி) மாடல், ஸ்ட்ரக்சர் ஒயரம், எர்த்திங் எத்தன குழி, அஞ்சு வருஷ மெயின்டனன்ஸ்னு எல்லாத்தையும் வரி வரியா எழுதிக் குடுத்தாரு, விலை மொத ஆளு சொன்னதேதான். அவருட்டயே குடுத்தோம்.

இப்ப 2ஆ 3ஆங்கிற கேள்வி. நான் ஒரு நாள் ராத்திரி பசங்க நோட்ட கிழிச்சு, பழைய பில் ஆறையும் பரப்பி வச்சு கணக்கு போட்டேன். சோலார் போட்டா நெட் மீட்டர் மாட்டுவாங்க, பகல்ல நாம ஓட்டுனது போக மிச்ச கரண்ட்டு லைனுக்கு போகும், ராத்திரி நாம லைன்ல இருந்து எடுப்போம், கடைசில எடுத்ததுல குடுத்தத கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் பில். கழியறது மேல இருந்து கழியும், இதான் விஷயம். மொதல்ல போறது 9.45 யூனிட்டு, அடுத்து 8.40, அடுத்து 6.30, அப்புறம் 4.70, கடைசில மிஞ்சுறது 2.35 யூனிட்டும் ஏற்கனவே ஃப்ரீயா கெடைக்கிற 100 யூனிட்டும். மொத கிலோவாட்டு தங்கத்த மிச்சம் பண்ணுதுன்னா மூணாவது கிலோவாட்டு ஏற்கனவே ஓசியா வர்றத மிச்சம் பண்ணுது. மூணாவதுக்கு வெண்டர்ட்ட கூட 45,000 குடுக்கணும், மானியம் 18,000 போனா கைக்காசு 27,000. அந்த 27,000 வருஷத்துக்கு எனக்கு ஆயிரம் ரூபா கூட சம்பாதிச்சுக் குடுக்காதுன்னு அந்த நோட்டுலயே தெரிஞ்சிருச்சு. 2 கிலோவாட்டுனு முடிவு பண்ணேன். மொத ஆளு போன்ல "சார் அப்பறம் வருத்தப்படுவீங்க"ன்னாரு. ஒரு வருஷம் ஆச்சு, வருத்தப்படல.

பணத்துக்கு பாதி சேமிப்பு, பாதி பேங்க் லோன். இந்தத் திட்டத்துக்குன்னே அரசு பேங்க்ல அடமானம் இல்லாம லோன் இருக்கு, திட்டம் வந்தப்ப வட்டி 7 சதவீதம் கிட்டன்னு சொன்னாங்க, நகைக் கடன விட எவ்வளவோ மேலு. நகைய வச்சு போடலாம்னு வீட்டுக்காரி வளையலக் கழட்டிட்டா, நல்ல வேளையா அதுக்கு முன்னாடியே பேங்க்ல போயி கேட்டோம்.

அம்மா விஷயத்த சொல்லியே ஆகணும். எங்க மொட்ட மாடி அம்மாவோட இடம். பங்குனி சித்திரைல கூழ் வடகம், மோர் மொளகா, வெங்காய வடகம், மல்லி, வரமொளகா எல்லாம் அங்கதான் காயும், சொந்தக்காரங்க நாலு வீட்டுக்கு இங்கருந்துதான் போகும். சோலார்னு சொன்னதும் அம்மா ஒரே வார்த்தைல "என் வடகத்த எங்கய்யா காயப் போடுவேன்"னு கேட்டாங்க. அதுக்காகவே ஒயரமான ஸ்ட்ரக்சர் போடச் சொன்னோம், ஒரு ஆளு நிமிந்து நடக்குற ஒயரம், கூட 9,000 ரூபா கேட்டாங்க, பேசி அந்த 1,48,000க்குள்ளயே முடிச்சோம். இத தயவுசெஞ்சு எல்லாரும் கேளுங்க, தரையோட தரையா போட்டுட்டா மாடியே போச்சு, தண்ணித் தொட்டி கழுவக் கூட குனிஞ்சு போகணும்.

எடம் பாக்க வெண்டரோட பையன் காலைல பதினோரு மணிக்கு வந்தான், டேப் வச்சு அளந்தான், தெக்குப் பாத்து தொட்டிக்கு கிழக்கால போடலாம்னான். அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தவங்க, "தம்பி, அங்க மூணரை நாலு மணிக்கெல்லாம் தொட்டி நெழல் விழுந்துரும்யா, நான் அந்த மூலைல வடகமே போட மாட்டேன், நமத்துரும்"னு சொன்னாங்க. அவன் "அதெல்லாம் பாத்துக்குவோம்மா"ன்னுட்டு போயிட்டான். நானும் அவனுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்.

2025 பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஓட ஆரம்பிச்சது. 540 வாட் பேனல் நாலு. இன்வெர்ட்டருக்கு ஒரு ஆப் இருக்கு, போன்ல பாத்தா இப்ப எத்தன வாட் வருதுன்னு ஒரு மலை மாதிரி கோடு போட்டுக் காட்டும், காலைல ஏறி மத்தியானம் உச்சிக்குப் போயி சாயங்காலம் எறங்கும். எங்க வீட்டு மலை மூணரை மணிக்கு வெட்டி விட்ட மாதிரி செங்குத்தா விழுந்துச்சு. மாடிக்கு ஏறிப் போயி பாத்தா அம்மா சொன்ன அதே எடம், கடைசி பேனல்ல ஒரு மொழம் அகலத்துக்கு தொட்டி நெழல். நாலு பேனலையும் ஒரே வரிசையா கோத்திருக்கறதால ஒண்ணுல நெழல் விழுந்தா மத்ததும் சேந்து படுத்துக்குது. வெண்டர கூப்ட்டா "சாயங்காலம் கொஞ்சம்தான சார்"னு மூணு வாரம் இழுத்தாங்க. கடைசில நான் நாலு நாள் கிராஃப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, மிச்சம் வச்சிருந்த 10,000ஐ குடுக்க மாட்டேன்னதும் ஆளு வந்து ஸ்ட்ரக்சர நாலடி தள்ளிப் போட்டாங்க. அதனால ரெண்டு விஷயம் சொல்றேன். எடம் பாக்க வர்றவங்கள சாயங்காலமும் ஒரு தடவ வரச் சொல்லுங்க, முடியலன்னா நீங்களே காலைல எட்டு மணி, மத்தியானம், நாலு மணின்னு மாடிய போட்டோ எடுத்து வைங்க. கடைசித் தவணை கொஞ்சத்த வேலை முழுசா முடியுற வரைக்கும் கைல வைங்க. மூணாவதா ஒண்ணும் இருக்கு, மாடில வடகம் காயப் போடுறவங்க உங்க வீட்ல இருந்தா அவங்க பேச்ச கேளுங்க, அந்த மாடில எந்த மாசம் எந்த மூலைல எத்தன மணிக்கு வெயில் போகும்னு அவங்களுக்கு தெரிஞ்ச மாதிரி ஒரு இன்ஜினியருக்கும் தெரியாது. அம்மாட்ட நான் மன்னிப்பு கேட்டேன்.

மானியம் வருமா வராதான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. வந்துச்சு. நெட் மீட்டர் மாட்டி, பாத்துட்டுப் போயி, போர்ட்டல்ல ரிப்போர்ட் ஏறினதுக்கப்புறம் அம்மாவோட பேங்க் விவரமும் கேன்சல் பண்ண செக்கும் ஏத்துனோம், 26வது நாள் அம்மா அக்கவுண்டுல 60,000 ஏறிருச்சு. யாருக்கும் அஞ்சு பைசா குடுக்கல. போர்ட்டல் நல்லாவே இருக்கு, ஒவ்வொரு கட்டமும் பச்சை ஆகிட்டே வரும், எங்க நிக்குதுன்னு பாத்துக்கலாம். நடுவுல ஒரு பத்து நாள் அசையாம நின்னுச்சு, விசாரிச்சா வெண்டர் பேனல் சீரியல் நம்பர் போட்டோவ ஏத்தாம விட்டிருந்தாங்க. அதனால "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்"னு வெண்டர் சொன்னாலும் லாகின் நம்ம போன் நம்பர்லயே இருக்கணும், ஓடிபி நம்மகிட்ட வரணும்.

இப்ப ஆறு பில். ஆப்ல வந்த உற்பத்தியையும் பில்லுல வந்த யூனிட்டையும் சேத்து எழுதி வச்சிருக்கேன்.

2025 ஏப்ரல் பில்லுக்கு நாங்க ஓட்டுனது 648 யூனிட், சோலார் குடுத்தது 508, மிச்சம் 140, யூனிட் சார்ஜ் 94 ரூபா. சோலார் இல்லன்னா 3,334. ஜூன் பில்லுதான் பெருசு, ஏசி ஓடுன மாசம், 772 ஓட்டி சோலார் 486 குடுத்து மிச்சம் 286, 639 ரூபா. இல்லன்னா 4,505 வந்திருக்கும். இங்க ஒண்ணு கவனிச்சேன், கத்திரி வெயில்ல சோலார் பிச்சுக்கிட்டு குடுக்கும்னு நெனச்சேன், ஆனா பங்குனில குடுத்தத விட கம்மி, பேனல் ரொம்ப சூடானா உற்பத்தி கொறையும்னு அப்பறம்தான் தெரிஞ்சது, வெயில் வேணும், சூடு வேணாம், அதுக்கும் அந்த ஒயரமான ஸ்ட்ரக்சர்தான் நல்லது, அடில காத்து போகும். ஆகஸ்ட் 594க்கு 451, மிச்சம் 143, 101 ரூபா. அக்டோபர் 541க்கு 447, மிச்சம் 94, அது ஃப்ரீ 100க்குள்ள வந்துட்டதால யூனிட் சார்ஜ் ஜீரோ. டிசம்பர்ல அடமழை, சில நாள் ரெண்டு மூணு யூனிட்டுதான் வந்துச்சு, மொத்தமே 358, நாங்க ஓட்டுனது 497, பில் 92. இந்த பிப்ரவரி 468க்கு 462, ஜீரோ.

ஆக வருஷத்துக்கு கட்டுனது 926 ரூபா. சோலார் இல்லாம இருந்திருந்தா 16,442. மிச்சம் 15,516. மானியம் போக எங்க கைக்காசு 88,000, அதனால கிட்டத்தட்ட அஞ்சே முக்கால் வருஷத்துல போட்ட காசு வந்துரும். பேனலுக்கு 25 வருஷ வாரண்ட்டி எழுதிக் குடுத்திருக்காங்க, நடுவுல இன்வெர்ட்டர் ஒரு தடவ மாத்த வேண்டி வரும்னு வச்சுக்கிட்டாலும் நல்ல முதலீடுதான். இப்ப மறுபடி அந்த மூணாவது கிலோவாட்ட நெனச்சுப் பாருங்க, அது வந்திருந்தா எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கும்? எக்கச்சக்கமா ஓடுனாலும் இந்த 926 ரூபாயத்தான். வருஷத்துக்கு 926க்காக 27,000.

எல்லாருக்கும் 2 தான் சரின்னு சொல்லல. ரெண்டு மூணு ஏசி வச்சு ஆயிரம், ஆயிரத்து இருநூறு யூனிட் ஓட்டுற வீட்டுக்கு 3 கண்டிப்பா சரி, அங்க மூணாவது கிலோவாட்டும் வெல கூடுன யூனிட்டத்தான் வெட்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறீங்க, இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறப் போறீங்கன்னாலும் சேத்து யோசிங்க. அதே மாதிரி ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்டே ஓட்டுற வீடுன்னா உங்க பில்லே 1,175 தான், வருஷம் முழுக்க சேத்தாலும் 7,050, அதுக்கு 2 கிலோவாட் போட்டா காசு திரும்பி வரவே பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும், அவசரப்படாதீங்க. ஒரு பில்ல காட்டி யாரும் முடிவு சொல்ல விடாதீங்க, ஆறு பில்லையும் எடுத்து வச்சுட்டு பேசுங்க. நாங்க வாங்குனப்ப சோலாருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம் ஆக்கிட்டாங்க, அதனால இப்ப கொட்டேஷன் வாங்குறவங்க அந்தக் கொறவு விலைல தெரியுதான்னு கேட்டு வாங்குங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு, கரண்ட்டு போனா சோலாரும் நின்னுரும். போட்ட மொத மாசமே ஒரு நாள் பகல் முழுக்க ஷட்டவுன், உச்சி வெயில் அடிக்குது, மாடில பேனல் பளபளன்னு நிக்குது, வீட்ல ஃபேன் ஓடல. அம்மாவும் நானும் ஏதோ கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டோம். விசாரிச்சா இது அப்டித்தான், லைன்ல வேல பாக்குறவங்க கம்பத்துல இருக்கப்ப நம்ம வீட்ல இருந்து கரண்ட்டு திரும்பிப் போனா அவங்க உயிருக்கு ஆபத்து, அதனால லைன் செத்தா இன்வெர்ட்டரும் தானா நின்னுரணும்னு விதி. நியாயமான விதி, அதுல எனக்கு கொறையே இல்ல. ஆனா விக்குறப்ப மூணு வெண்டர்ல ஒருத்தர் கூட வாயத் தொறக்கல, "இனிமே கரண்ட்டுக் கவலையே இல்ல சார்"னுதான் சொன்னாங்க. கரண்ட்டு போறப்பவும் வேணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட் போடணும், அது வெலையே வேற.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல, தூசி தட்டணும். எங்க போர் தண்ணி உப்பு, மொத தடவ அந்தத் தண்ணிய ஹோஸ்ல அடிச்சு விட்டுட்டு போயிட்டேன், காஞ்சதும் பேனல் முழுக்க வெள்ள வெள்ளையா திட்டு, பழைய குளியலறை டைல்ஸ் மாதிரி, தேச்சு எடுக்க அரை நாள் ஆச்சு. இப்பல்லாம் கார்ப்பரேஷன் தண்ணி ரெண்டு பக்கெட் மட்டும், விடியக்காலைல பேனல் சூடேறுறதுக்கு முன்னாடி, ஸ்பாஞ்ச் வைப்பர்ல தொடச்சு எடுக்குறேன், பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ. சூடா இருக்கப்ப பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி. அஞ்சு வருஷம் மெயின்டனன்ஸ் வெண்டர் பொறுப்புன்னு திட்டத்துலயே இருக்கு, அத தனிக் காயிதத்துல கையெழுத்து போட்டு வாங்கி வைங்க, நான் வாங்கி வச்சிருந்ததாலதான் அந்த நெழல் சண்டைல பேச முடிஞ்சது.

மார்க்கு போடணும்னா திட்டத்துக்கு அஞ்சுக்கு நாலரை, சாமானுக்கு நாலரை, வெண்டர் வேலைக்கு மூணு. திட்டத்துக்கு அந்த அரை மார்க்க எதுக்கு கொறச்சேன்னா, கீழ் வீட்டு அக்காவுக்காக.

அவங்களும் இதே ரேட்டுதான் கட்டுறாங்க. வீட்டுக்காரர் ராத்திரி ஷிஃப்ட்டு, பகல் முழுக்க தூங்கணும், அதனால ஃபேன் பகலும் ராத்திரியும் ஓடும். ஏசி கெடயாது, 560 யூனிட் வரும், 2,544 ரூபா. மாடி அவங்களோடது இல்ல, பேர்ல கனெக்‌ஷன் இல்ல, இந்த 78,000 மானியத்துல ஒரு ரூபா கூட வாடகைக்கு இருக்கவங்களுக்கு வராது. சொந்த வீடு இருக்க எனக்கு அரசாங்கம் 60,000 குடுத்துச்சு, என்ன விட கஷ்டப்படுற அவங்களுக்கு அந்த 100 யூனிட் தவிர ஒண்ணும் இல்ல. இது சரியில்லன்னு எனக்கு ஒவ்வொரு பில் வர்றப்பவும் தோணுது. வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஃபேன், ஃப்ரிட்ஜ் மாத்தவாவது ஒரு உதவி குடுத்தா எத்தனையோ லட்சம் வீடு 500க்குள்ள வந்துரும்.

அவங்க மீட்டர ஒரு நாள் சேந்து ஒக்காந்து பாத்தோம். வீட்ல ஓடுற ரெண்டு ஃபேனும் பழசு, ஒண்ணொண்ணும் 75 வாட் இழுக்கும். கரண்ட்டு கம்மியா இழுக்குற புது மாதிரி மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட் கிட்டதான், ஒரு நாளைக்கு பதினஞ்சு மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், ரெண்டுக்கு 80. 560ல இருந்து 480, 500க்குள்ள எறங்கிரும், பில் 1,679. ஒரு பில்லுக்கே 865 ரூபா கொறவு. அக்கா நம்பல, "ஃபேன மாத்துனா எண்ணூறு ரூவாயா"ன்னு கேட்டாங்க, அப்புறம் சீட்டுப் பணம் வந்தப்ப ஒண்ணு 2,700னு ரெண்டு வாங்குனாங்க, நானும் அவங்க தம்பியும் சேந்து மாட்டுனோம். போன பில்லு 483 யூனிட். எஸ்எம்எஸ் வந்த அன்னைக்கு போன எடுத்துட்டு மாடிக்கே ஏறி வந்துட்டாங்க, அம்மா பேனலுக்கு அடில மோர் மொளகா பெரட்டிக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு பேரும் அந்த நம்பர மறுபடி மறுபடி பாத்துட்டு இருந்தாங்க.